304 ஆட்டத்துக்கு வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீட்டு விளையாட்டைப் பிள்ளைகளின் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். சீட்டு குடும்பத்தைக் கெடுக்கும், படிப்பைக் கெடுக்கும், அது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பன அவர் அடுக்கிய காரணங்கள். காசு வைத்து ஆடிக் காணியையும் தாலிக்கொடியையும் பறிகொடுத்த குடும்பங்களை நானும் அறிவேன். ஆகவே, அவருடைய கோபத்தில் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. ஆயினும், எல்லா ஆட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு வெளியே எறிந்துவிட்டார் என்பதே என் குறை. எங்கள் வீடுகளில் தலைமுறைகளாக ஆடப்பட்டுவரும் 304 ஆட்டத்தைக் காசில்லாமலும் முறையாகவும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும், அதற்குத் தங்கள் ஞாயிறு இதழில் ஒரு சிறு பத்தி ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 சீட்டுகளையும் எடுத்து வைத்துவிட்டால் 32 சீட்டுகள் மிஞ்சும். நான்கு பேர் அமர்வார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டுகள். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு (ஏஸ்) 11, பத்து 10, ராசா 3, ராணி 2 என்பது பெறுமதி. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆட்டின் (ஹார்ட்ஸ்), கிளாவர் (கிளப்ஸ்) என்பன போன்ற ஓர் இனத்தில் 76 வரும். நான்கு இனங்களையும் கூட்டினால் 304. பலமும் இதே வரிசையில்தான் இறங்கும் என்பதால் ராசாவை ஒன்பது பிடித்துவிடும், பத்தும் பிடித்துவிடும். வேறு ஆட்டங்கள் ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். ஒன்றுமே ஆடாத பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை.

முதலில் நான்கு சீட்டுகள் மட்டும் பகிரப்படும். அந்த நான்கை வைத்துக்கொண்டு ‘கேள்வி’ கேட்க வேண்டும். 160இல் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கேள்வி ஏறும். அதிகம் கேட்டவர் தம் கையிலுள்ள ஒரு சீட்டைத் துரும்பாக, அதாவது மற்ற இனங்களை வெட்டிப் பிடிக்கும் இனத்தின் அடையாளமாக, முன்னால் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருடைய கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. அதன் பிறகே மிகுதி நான்கு சீட்டுகள் வரும். கேட்ட அளவைக் கூட்டாளிகள் இருவரும் சேர்த்து எடுத்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. ஆளுக்கொரு சீட்டாக நான்கு சீட்டு விழும் சுற்று ஒரு பிடி. எட்டுப் பிடிகளையும் ஒரு பக்கமே எடுத்துவிடுவதைக் கம்மாரிசு என்பார்கள். பாயில் இருப்பவர்கள் எழும்பிக் கத்துவது அப்போதுதான்.

இந்த ஆட்டத்தில் மூளைக்கு வேலை கொடுக்கும் இடம் கவிழ்த்த துரும்புதான். ஆட்டின் இறங்குகிறது, என்னிடம் ஆட்டின் இல்லை என்றால், நான் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது, அந்த இனம் துரும்பாக இருக்குமோ என்று ஊகித்து நான் வெட்ட நினைத்த சீட்டாகவும் இருக்கலாம். கழித்துவிட நினைத்த ஏழாகவும் இருக்கலாம். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் தம் துரும்பைத் திருப்பிக் காட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் பார்த்த சீட்டை மறுபடி கவிழ்த்தபடியே பிடியில் சேர்த்துவிடுவார். அது என்ன சீட்டு என்பது வைத்தவருக்கும் பார்த்தவருக்கும் மட்டுமே தெரியும். மற்ற இருவரும் மிகுதி ஆட்டம் முழுவதும் அதை ஊகித்துக்கொண்டே ஆட வேண்டும்.

நான் இதைப் பழகியது காலம் கடந்துதான். பெண்பிள்ளைகள் பாயின் ஓரத்தில்கூட இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுள் நானும் ஒருத்தி. இந்த ஆட்டம் எங்கள் ஊர்களில் பெரும்பாலும் செத்த வீட்டுப் பந்தலில், விடியவிடிய விழித்திருக்க வேண்டிய ஆண்களின் ஆட்டமாக இருந்தது. பக்கத்தில் வெற்றிலைத் தட்டமும் சுருட்டும் இருந்தன. சில இடங்களில் போத்தலும் இருந்தது. ஆட்டத்தின் பெயர் கெட்டதற்கு அந்தப் பந்தலும் போத்தலும் காரணமேயன்றி, 32 சீட்டுகள் காரணமல்ல. வருடப்பிறப்பு நாளில் மாத்திரம் வீட்டுக்குள் கட்டு எடுக்கப்படும். அப்போதும் நாங்கள் பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருவோம்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கைத்தொலைபேசிகள் உயிரற்றுக் கிடந்தன, மின்விசிறி இல்லை, திருகோணமலையில் எங்கள் உவர்மலையில் இரவுக் காற்றும் வரவில்லை. அந்த நாட்களில்தான் என் மச்சாள், அதாவது என் கணவரின் தமக்கை, ஒரு பழைய கட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் மகனையும் மகளையும் பாயில் இருத்தினார். அவர் தம் தகப்பனாரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே ஆட்டத்தைப் பழகியவர். பிற்காலத்தில் கை குறைந்த ஒரு நாள் “சரி, நீ இரு” என்று தகப்பனாரே இடம் கொடுத்தாராம்.

மச்சாள் கற்றுக்கொடுத்த முறையை இங்கே விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இந்த ஆட்டம் பிள்ளைகளிடம் போய்ச் சேராததற்குக் கற்பிக்கும் முறையே தடை என்று நான் நினைக்கிறேன். பெரியவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாத பிள்ளையிடம் “நீ எவ்வளவு கேட்கிறாய்?” என்றால் அது என்னத்தைச் சொல்லும்? ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறது, தோற்கிறது, கூட்டாளியான பெரியப்பா ஏசுகிறார், பிள்ளை எழும்பிப் போய்விடுகிறது.

மச்சாள் துரும்பையும் கேள்வியையும் முதலில் தொடவேயில்லை. எல்லோருடைய சீட்டுகளையும் பாயில் திறந்தபடி பரப்பச் சொல்லி, இனத்துக்கு இனம் போட வேண்டும், பெரியது பிடிக்கும் என்ற ஒரே விதியுடன் ஆடவிட்டார். பெறுமதியை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பிடித்த சீட்டுகளைக் கூட்டிச் சொல்லும் பொறுப்பை முறைவைத்துக் கொடுத்தார், பெறுமதி தானாகவே மனதில் ஏறியது. கூட்டாளி பிடிக்கப்போகும் பிடியில் பத்தையும் ஆசுவையும் போட்டு நிரப்புவதும், எதிராளி பிடிக்கும் பிடியில் ஏழையும் எட்டையும் கழிப்பதும் இந்தக் கட்டத்திலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டன. பிறகு திறந்த துரும்பு, பிறகு கவிழ்த்த துரும்பு, கடைசியாகக் கேள்வி. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் சரியானது என்றே எனக்கும் படுகிறது.

கவிழ்த்த துரும்புக்கு வந்த ஓர் இரவு நன்றாக நினைவிருக்கிறது. துரும்பு வைத்தவர் மச்சாள். மகள் கவிழ்த்து வைத்த சீட்டின் நுனியைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் மறுபடி கவிழ்த்தார். மகனுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மாமி, வெட்டிப்போட்டாளா?”

“வெட்டியிருந்தால் நான் துரும்பைத் திருப்பியிருப்பனே. அவளிட்டை ஆட்டின் இல்லை எண்டது தெரியுது, அவள் போட்டது துரும்பு இல்லை எண்டதும் தெரியுது. இனி நீ எண்ணு.”

அவன் எண்ணினான். ஓர் இனத்தில் எட்டே சீட்டுகள். அவற்றில் எத்தனை போய்விட்டன, தன் கையில் எத்தனை, தங்கையிடம் ஒன்றும் இல்லை என்றால் மிகுதி யாரிடம் இருக்க வேண்டும் என்று விளக்கு வெளிச்சத்தில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். கணித வகுப்பில் அந்தப் பொறுமையை நான் அவனிடம் கண்டதில்லை. கேள்விக்கு வந்த பிறகு கழித்தல் கணக்கும் சேர்ந்துகொண்டது. நாம் 200 கேட்டால் எதிராளிகள் 105 எடுத்தாலே நாம் வீழ்ந்தோம்; 160 கேட்டிருந்தால் அவர்களுக்கு 145 தேவை. ஆகவே எதிர்த்து ஆடுபவர்கள் தாம் எடுத்ததை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால் போதும் என்பதை என் மகள்தான் எங்கள் எல்லோருக்கும் முன்னர் கண்டுகொண்டாள்.

எங்கள் வீட்டில் பந்தயம் புளியங்கொட்டைதான். 200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒரு கொட்டை வரும். தோற்றால் இரண்டு போகும். கேள்வி உயர உயர வரவும் செலவும் உயரும். கேரளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 28, 56 ஆட்டங்களில் தோற்றவர்களின் காதில் குணுக்கு என்னும் தொங்கட்டானைத் தொங்கவிடுவார்கள். காசு இல்லாவிட்டால் ஆட்டத்தில் சூடு இருக்காது என்று சொல்பவர்கள், காதில் குணுக்குடன் ஒரு மாலை முழுவதும் மருமக்கள் முன்னால் இருந்து பார்க்கட்டும். எங்கள் நாட்டில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குறிவைத்ததும் பந்தயம் வைத்து ஆடுவதையும் சூதாடும் இடம் நடத்துவதையும்தான். வீட்டு முற்றத்தில் புளியங்கொட்டைக்கு ஆடுவதை அந்தச் சட்டமும் குற்றமாகப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் ஐரோப்பியரின் சீட்டுக்கட்டு பரவுவதற்கு முன்னரே கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகள் இருந்தன. பாபர் 1527இல் சிந்துவிலிருந்த ஒருவருக்குக் கஞ்சிபாச் சீட்டுகள் அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பத்து அவதாரங்களுக்கும் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கஞ்சிபாவை மகாராட்டிரத்தின் சாவந்த்வாடியில் இன்றும் கையால் வரைகிறார்கள். ஆகவே சீட்டாட்டமே இந்த மண்ணுக்கு அந்நியம் என்பது பொருந்தாது.

ஆனால் 304இன் பிறப்பைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்தில் துரும்பு ஜாக் 20, துரும்பு ஒன்பது 14, ஆசு 11, பத்து 10. ஆசுவும் பத்தும் எங்கள் கணக்குடன் அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். அங்கே ஜாக்கும் ஒன்பதும் துரும்பு இனத்தில் மட்டுமே தலைதூக்கும்; எங்களிடம் நான்கு இனங்களிலும் அவையே தலைமை. கேரளத்தின் 28, வங்காளத்தின் 29, இங்கும் தமிழ்நாட்டிலும் ஆடப்படும் 304 ஆகிய யாவும் ஒல்லாந்த வணிகர் கொண்டுவந்த ஆட்டத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது சீட்டாட்ட வரலாற்றை ஆய்ந்தவர்களின் கருத்து. திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோணேசர் கோயிலுக்குப் போகும் நாமெல்லோரும் அந்தக் கோட்டை வாசலால்தான் நுழைகிறோம், மாலையில் காற்று வாங்குவது டச்சுக்குடாவில்தான். வந்த வழியைப் பார்த்து ஒதுக்குவதென்றால் இந்த ஊரில் ஒதுக்க வேண்டியவை நிறைய உண்டு. நான்கு சீட்டிலேயே கேள்வி கேட்பது, வெட்டும் சீட்டைக் கவிழ்த்து வைப்பது எல்லாம் நம்மவர் பாயில் ஊறிப்போன வழக்கங்கள். அவற்றைக் கைவிட யாருக்கும் மனம் வராது.

சிங்கள அயலவர்களும் 304 ஆடுவார்கள். அவர்களுடைய ஓமி ஆட்டத்திலும் அதே 32 சீட்டுகள், முதல் நான்கைப் பார்த்துத் துரும்பு சொல்லும் அதே ஒழுங்கு. ஆகவே மூன்று இனத்தவரும் வாழும் இந்த மாவட்டத்தில் நான்காவது ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

படிப்பைக் கெடுக்கும் என்பதற்கு ஒன்றே சொல்வேன். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சீட்டாட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. அதில் ஆண்கள் இணை ஆட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றவர்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. கூட்டாளியின் மனதைச் சீட்டின் மூலம் மட்டுமே வாசிக்க வேண்டிய ஆட்டம் என்ற வகையில் எங்கள் 304உம் பிரிட்ஜுக்கு உறவுதான். பரீட்சைக்கு முந்திய இரவில் ஆடச் சொல்லி நான் கேட்கவில்லை. விடுமுறையில் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பகுதியைக் கேட்கிறேன்.

இனிப் பத்தி ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்த ஆட்டத்துக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட எழுதப்பட்ட விதி எங்கள் வீடுகளில் இல்லை. முதல் நான்கு சீட்டுகளில் பெறுமதி மிகக் குறைவாக வந்தால் மறுபடி குலுக்கிப் பகிரும்படி கேட்கலாமா, கேள்வி கேட்கும் முறையைக் கூட்டாளியிடம் விட்டுக்கொடுக்கலாமா, கவிழ்த்து வைத்த துரும்புச் சீட்டை எப்போது கையில் எடுக்கலாம், கம்மாரிசு எடுக்கக்கூடிய கையை முன்கூட்டியே அறிவிக்காமல் ஆடினால் தண்டம் உண்டா என்று ஒவ்வொன்றிலும் ஊருக்கு ஒரு வழக்கம். யாழ்ப்பாணத்து மருமகனும் மட்டக்களப்பு மாமனாரும் ஒரே பாயில் இருந்தால் முதல் அரைமணி நேரம் வழக்காடுவதிலேயே போய்விடும். (சீதனப் பேச்சில்கூட இவ்வளவு பிடிவாதத்தை நான் கண்டதில்லை.) கனடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் எங்கள் பிள்ளைகள் கணினித் திரையில் ஆங்கிலத்தில் கிடைக்கும் விதியைப் படித்துப் பழகிவிட்டு இங்கே வந்து, “அப்பப்பா, நீங்கள் பிழையாக ஆடுகிறீர்கள்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அப்பப்பா பிழையாக ஆடவில்லை. அவருடைய ஊர் வழக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

வழக்கங்களை ஒன்றாக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூதூர், சம்பூர், தம்பலகாமம், நிலாவெளி, ஆலங்கேணி என்று ஒவ்வோர் ஊரிலும் மூத்தவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை வாசகர்களே எழுதியனுப்ப, தாங்கள் அதை அந்தந்த ஊரின் பெயருடன் அச்சிட்டால் போதும். தமிழில் எழுதப்பட வேண்டும். கேள்வி, துரும்பு, பிடி, கம்மாரிசு என்று பாயில் பேசும் சொற்களாலேயே எழுதப்பட வேண்டும். எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் என் மச்சாளைப் போன்றவர்கள் கண்ணாடியைத் தேடாமல் வாசிப்பார்கள். செத்த வீட்டுப் பந்தல்களில் ஆடிய தலைமுறையில் பலர் இன்று அந்தப் பந்தல்களுக்கு வரும் நிலையிலும் இல்லை என்பதால் இதை அதிகம் பின்போடவும் முடியாது.

குறுக்கெழுத்துக்கும் சுடோகுவுக்கும் அடுத்த பெட்டியில் வாரம் ஒரு கையைக் கொடுத்து, நீங்கள் என்றால் எவ்வளவு கேட்பீர்கள் என்று வினவி, மறுவாரம் வாசகர்களின் விடைகளை வெளியிடலாம். சாடை காட்டுவது, இருமுவது, காலைச் சுரண்டுவது முதலான கலைகளுக்கு அச்சில் இடமில்லை என்பதால் பத்திரிகையில் ஆடும் 304 பாயில் ஆடுவதைவிட நேர்மையாகவே நடக்கும்.

தொடக்கமாக ஒரு கையைத் தருகிறேன். உங்கள் முதல் நான்கு சீட்டுகள்: கிளாவர் ஜாக், கிளாவர் ஆசு, கிளாவர் எட்டு, ஆட்டின் ஒன்பது. பெறுமதி 61. எதிராளிகளில் ஒருவர் 180 கேட்டிருக்கிறார், மற்றவர் பேசவில்லை. உங்கள் கூட்டாளியும் கேள்வி வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது உங்கள் முறை. 190 கேட்டுக் கிளாவரைத் துரும்பாகக் கவிழ்ப்பீர்களா, அல்லது 180ஐ அவர்களிடமே விட்டுவிட்டு 125 எடுத்து அவர்களை வீழ்த்தப் பார்ப்பீர்களா? கிளாவர் ஒன்பது எங்கே என்று தெரியாமல் கேட்கக் கூடாது என்பது மச்சாளின் கட்சி. நான் கேட்பேன். கூட்டாளி வாய் திறக்காததற்குப் பொருள் அவரிடம் நீளமான இனம் இல்லை என்பது மட்டுமே, தனியாக ஒரு ஜாக் இருக்கக் கூடும் என்பது என் கட்சி. தங்கள் வாசகர்கள் எந்தப் பக்கம் என்று அறிய இருவரும் ஞாயிறு இதழைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை.